படிக்குள் ஒரு கைப்பிடி நெல்

எங்கள் கிடங்கில் பெட்டி கட்டும்போது நிரப்புகிற படிவத்தில் பதினான்காவதாக ஒரு வரி உண்டு. "படி, குடம், செம்பு முதலிய பாத்திரங்கள் கவிழ்த்துப் பார்க்கப்பட்டன, உள்ளே எதுவும் இல்லை." சில வாரங்களுக்கு முன் ஒருவரின் பணி ஓய்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இப்போது பெட்டி கட்டுகிறவர்கள் அந்த வரியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"காலிப் பாத்திரத்தைக் கவுத்துப் பாத்தியான்னு கேக்கறாங்க சார். எந்த அதிகாரிக்கு வந்துச்சோ இந்த யோசனை!"

நான் வடையைத் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த முருகேசன்தான் என்னைக் காட்டிக் கொடுத்தான். "அதிகாரி இல்லப்பா. தோ, இந்த அண்ணாத்தேயாலதான்."

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நடந்ததை எழுதிக் கொடுங்கள், பணியாளர் மலரில் போடுவோம் என்று பிடித்துக்கொண்டார்கள். அதனால் எழுதுகிறேன். எனக்குக் கதை கட்டத் தெரியாது. நடந்தது நடந்தபடி வரும். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவது வரை படித்தேன். என் அப்பா அயப்பாக்கம் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, அறுத்து, படியால் அளந்த நெல்லைக் கூலியாக வாங்கினவர். எனக்குப் பதினெட்டு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை கிடைத்தது. பம்பை மரப்பெட்டியில் வைத்து ஆணி அடிப்பேன். பெட்டியை உலுக்கினால் உள்ளே சத்தம் வரக்கூடாது, அதுதான் அங்கே கற்ற பாடம். கம்பெனியை மூடினார்கள். இரண்டு வருஷம் வேலை இல்லாமல் அலைந்தேன். அம்மன் கண் திறந்தாள் என்றுதான் சொல்லுவேன், அரசுக் கிடங்கில் பெட்டி கட்ட ஆள் எடுத்தார்கள். சேர்ந்துவிட்டேன். அண்ணனூரில் வீடு. இரண்டாவது ஸ்டேஷன் அம்பத்தூர், அங்கேதான் கிடங்கு. ஓய்வு பெறும் வரை அந்த ரயிலும் அந்தக் கிடங்கும்தான் என் உலகம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழும் தமிழர் வாழ்க்கையும் படிக்கிறவர்களுக்கு நம் அரசாங்கம் உதவி செய்கிறது. பணம் ஒதுக்குவது, பாடம் நடத்த ஆள் அனுப்புவது எல்லாம் கோட்டைப் பக்கம் இருக்கிற பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். புத்தகங்களைப் பெட்டியில் போட்டு அனுப்புவது எங்கள் கிடங்கின் வேலை. எந்த ஊரில் யார் அதைத் திறந்து படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பெட்டிக்கும் மூடி போட்டதும் ஒரு கற்பூரம் காட்டிவிட்டுத்தான் ஆணி அடிப்பேன். கற்பூரத்தைத் தட்டில் வைத்து, பெட்டியில் இருந்து நாலடி தள்ளி நின்று காட்ட வேண்டும் என்பது எங்கள் மேடம் போட்ட கட்டளை.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயமேரி மேடம், எங்கள் கண்காணிப்பாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். எல்லாரையும், என்னையும்கூட, "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார்.

அவர் பெட்டி கட்டுகிற முறை இப்படி இருக்கும். கையில் பட்டியல், காதில் பென்சில். பட்டியலில் இருக்கிற பொருளின் பெயரை வாய்விட்டுப் படிப்பார். பென்சிலின் மழுங்கின முனையால் அந்தப் பொருளைத் தொடுவார். நான் அதை எடுத்துப் பெட்டியில் வைத்து "உள்ளே" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் பென்சிலைத் திருப்பி டிக் போடுவார். ஒருமுறை நான் இருமிவிட்டு "உள்ளே" என்றேன். "இருமல் டிக்குல வராது ஏழுமலை" என்று அந்தப் புத்தகத்தை வெளியே எடுக்கச் சொல்லி மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். முந்நூறு புத்தகம் இருந்தாலும் முந்நூறு "உள்ளே". ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பெட்டியில்கூட ஒரு புத்தகம் குறைந்தது என்று புகார் வந்ததில்லை என்று தெரிந்த பிறகு எரிச்சல் போய்விட்டது.

முடிந்ததும் மேடம் தன் மேஜைக்குப் போய்ப் பட்டியலின் ஐந்து பிரதிகளிலும் கையெழுத்துப் போடுவார். நான் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். "தானியம், விதை, செடி, மண் ஆகிய எதுவும் இப்பெட்டியில் இல்லை." வெறும் புத்தகம் அனுப்புகிறவனுக்கு அதில் என்ன கஷ்டம்? நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறேன்.

எனக்கு ஓய்வு வர ஒன்றரை வருஷம் இருக்கும்போது ஒரு புது உத்தரவு வந்தது. வடக்கே பனி கொட்டுகிற ஒரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வகுப்பு தொடங்கியிருந்தார்கள். நாட்டின் பெயர் வேண்டாம், அலுவலக விஷயம். முதல் ஒரு வருஷம் சோதனைக்காகத்தான். பதிமூன்று பேர் படித்தார்கள். இங்கிருந்து பாடம் நடத்தப் போன அம்மா, புத்தகத்தோடு நம் வீடுகளில் புழங்குகிற பொருள்களும் வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தார். வருஷக் கடைசியில் பல்கலைக்கழகப் பெரியவர்கள் வகுப்பைப் பார்க்க வருவார்களாம். அந்தப் பொருள்களை வைத்துத்தான் மாணவர்கள் பேசிக் காட்டப் போகிறார்களாம். அன்றைக்குப் பார்த்துவிட்டுத்தான் வகுப்பை நிரந்தரமாக்குவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள்.

அதனால் எட்டுப் பெட்டி புத்தகம், ஒரு பெட்டி பொருள்கள். முறம், பல்லாங்குழி, தாயக்கட்டை, செம்பு, குத்துவிளக்கு, பித்தளைப் படி. பாத்திரங்களைப் பூந்தமல்லியில் நானும் முருகேசனும் போய் வாங்கி வந்தோம். முருகேசன் எங்கள் கிடங்கின் எழுத்தர், என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

மரமும் மூங்கிலும் இருப்பதால் பூச்சி இருக்கக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் மருந்துப் புகை போட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். கரையான்சாவடியில் பாஸ்கர் என்று ஒருவர் அந்தத் தொழில் செய்தார், எங்கள் மரப்பெட்டிகளுக்கு வெகு நாளாக அவர்தான் புகை போடுவார். பொருள்களையும் ஒன்பது காலிப் பெட்டிகளையும் அவருடைய ஷெட்டில் வைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, ஓரமெல்லாம் மணல் மூட்டை வைத்து, உள்ளே மருந்தை விட்டார். மூன்று நாள் திறக்கவில்லை. கிடங்கு சார்பாக நான் கூடவே நின்றேன். பிறகு சான்றிதழோடு எல்லாம் எங்கள் கிடங்குக்கு வந்தது. மறுநாள் பெட்டி கட்ட வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் மனைவி கஸ்தூரியிடம் பெருமையாகச் சொன்னேன். "புத்தகம் மட்டும் போய்க்கினு இருந்துச்சு. இப்ப நம்ம படி போவுது வெளிநாட்டுக்கு. பித்தளைப் படி, தகதகன்னு கீது."

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"படிக்குள்ள இன்னா போட்டு அனுப்பறீங்க?"

"ஒண்ணும் போடல. காலிப் படிதான்."

"நல்லாக் கீதே! காலிப் படியவா அனுப்பறீங்க? நம்ம பொண்ணு குடித்தனம் போனப்போ குடத்தை காலியாவா குடுத்து அனுப்பினோம்? ஒரு கைப்பிடி அரிசியாச்சும் போடாம யாராச்சும் படிய ஊட்டு வாசப்படி தாண்ட வுடுவாங்களா?"

"அது கவர்மெண்டு படி, கஸ்தூரி."

"கவர்மெண்டுன்னா? அந்தப் புள்ளைங்க எங்கேயோ குளிர்ல ஒக்காந்துகினு நம்ம பாஷையப் படிக்குதுங்க. அதுங்களுக்குப் போயி வெறும் படியா?"

எனக்கும் அது சரி என்றே பட்டது. கூலி அளந்து முடித்த படியை என் அப்பா பண்ணைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கும்போது அடியில் நாலு நெல்லாவது விட்டுத்தான் கொடுப்பார். இல்லாதவர் வீட்டிலேயே அப்படி. கஸ்தூரி பூஜை அலமாரியில் இருந்த கலயத்தில் கைவிட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். காலையில் கோயிலில் அம்மன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

கிடங்கில் மேடம் பட்டியலைப் படித்தார், பென்சிலால் தொட்டார், நான் "உள்ளே" என்றேன். பித்தளைப் படிக்கும் டிக் விழுந்தது. மேடம் ஐந்து பிரதியில் கையெழுத்துப் போட மேஜைக்குப் போனார். அந்த நேரத்தில்தான் செய்தேன். முடிச்சை அவிழ்த்து நெல்லை உள்ளங்கையில் வாங்கி, படிக்குள் போட்டு, கொட்டாமல் இருக்கச் செய்தித்தாளைச் சுருட்டி மேலே அடைத்தேன். மூடியை வைத்துக் கற்பூரம் காட்டினேன். ஆணி அடித்தேன். பிறகு "தானியம், விதை எதுவும் இல்லை" என்பதற்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

பொய்க் கையெழுத்துப் போடுகிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். தானியம் என்றால் மூட்டையில் இருப்பது. நான் போட்டது மங்கலத்துக்கு. என் மூளையில் அது இரண்டும் வேறு வேறு அறையில் இருந்தன.

பெட்டிகள் கப்பல் ஏறின. ஏழெட்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் முருகேசன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே "அண்ணாத்தே, இங்க வா" என்று கூப்பிட்டான். குரலே சரியில்லை.

திரையில் ஒரு படம். நம் படிதான். பக்கத்தில் ஒரு அளவுகோல். முன்னால் வெள்ளைத் தாளில் நெல்லைப் பரப்பி வைத்திருந்தார்கள். அதில் மூன்று இடத்தில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் வண்டு.

அந்த நாட்டுத் துறைமுகத்தில் செடி, பூச்சி வராமல் பார்க்கிற அதிகாரிகள் அனுப்பின கடிதம். முருகேசன் படித்துச் சொன்னான். ஒன்பதாவது பெட்டியில், பித்தளை அளவுப் பாத்திரத்துக்குள், நெல் அறுபத்தொரு கிராம், உயிருள்ள வண்டு மூன்று. மருந்துப் புகை போட்டதாகச் சான்றிதழ் இருந்தும் வண்டு உயிரோடு இருப்பதால் அந்தச் சான்றிதழை ஏற்க முடியாது. ஆகவே ஒன்பது பெட்டிகளும் எரிக்கப்படும். விளக்கம் ஏதாவது இருந்தால் பதினான்கு நாளுக்குள் அனுப்பலாம்.

"ஒன்பதுமா?" என்றேன். "புத்தகத்துல இன்னா கீது?"

"புகையே போடலன்னு நெனைக்கறாங்க அண்ணாத்தே. ஒண்ணுல வண்டு இருந்தா எல்லாத்துலயும் இருக்கும்ல."

அங்கே பாடம் நடத்துகிற அம்மாவின் கடிதமும் கூடவே வந்திருந்தது. பெரியவர்கள் வகுப்பைப் பார்க்க வர இன்னும் மூன்று வாரம்தான். பெட்டி வராவிட்டால் வெறும் சுவரைக் காட்டித்தான் பேச வேண்டும் என்று எழுதியிருந்தார்.

முருகேசன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "நீயா?" என்றான்.

தலையை ஆட்டினேன்.

"யாராண்டயும் சொல்லாத. பாத்திரக் கடையில வாங்கறப்பவே உள்ள இருந்துச்சுன்னு சொல்லிக்கலாம். கடைக்காரன் நெல்லு போட்டு அளந்து காட்டியிருப்பான். யாரு பாத்தா? ஒன்றரை வருஷம் கீது உனுக்கு. வாய மூடிக்கினு இரு."

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போய் நின்றால் கும்பிடவும் வரவில்லை. அம்மன் காலடியில் வைத்து எடுத்துப் போன நெல்தானே, அவளிடம் போய் என்னவென்று கேட்பது? கஸ்தூரியிடமும் சொல்லவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாம் நாள் பாஸ்கர் வந்தார். மேடம்தான் வரச் சொல்லியிருந்தார். கையில் ஒரு பெரிய பதிவேடு, மருந்து வாங்கின ரசீதுகள். வரும்போதே முகம் சிவந்திருந்தது.

"மேடம், என்னைப் புகை போடாம சர்டிபிகேட் குடுத்தவன்னு எழுதியிருக்காங்களாம். இது மேல போச்சுன்னா என் லைசென்ஸே போயிடும். எத்தினி மணிக்கு மருந்து வுட்டேன், எத்தினி மணிக்குத் தொறந்தேன், எல்லாம் இதுல கீது." பதிவேட்டை விரித்துவிட்டு, சட்டென்று என் பக்கம் திரும்பினார். "ஏழுமலைண்ணே, நீங்களே சொல்லுங்க. நீங்கதான கூட நின்னீங்க?"

மேடம் என்னைப் பார்த்தார். "நின்னீங்களா ஏழுமலை?"

"நின்னேன் மேடம். சுத்தமாப் போட்டாரு. மூணு நாளு தொறக்கல."

"அப்புறம் எப்டிண்ணே வண்டு உசிரோட இருக்கும்?" என்றார் பாஸ்கர். அவர் என்னைக் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல், நான் பதில் சொல்வேன் என்று நம்பிக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அது புகை போட்டதுக்கு அப்புறம் போட்ட நெல்லு மேடம்," என்றேன். "நான்தான் போட்டேன்."

"யோவ்!" என்று கத்திவிட்டார் பாஸ்கர். இத்தனை வருஷத்தில் என்னை அண்ணே என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. "இன்னாய்யா சொல்ற நீ? மூணு நாளா எனுக்குத் தூக்கம் இல்லய்யா!"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நிறுத்திவிட்டு மறுபடியும் துடைத்தார். அவ்வளவு நேரம் துடைத்து நான் பார்த்ததில்லை.

"பாஸ்கர், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல. டீ சொல்றேன்." பிறகு என்னிடம், "உக்காருங்க" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் மேஜைக்கு எதிரே நான் உட்கார்ந்ததில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"எதுக்குப் போட்டீங்க?"

"காலிப் படியா அனுப்பக் கூடாது மேடம்."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எங்க வீட்டுலயும் அனுப்ப மாட்டாங்க," என்றார். "ஆனா, நெல்லு இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டு நெல்ல வைக்க மாட்டாங்க."

நான் அழுதுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெரிய மனுஷன் தேம்பி அழுதேன். மேடத்துக்கு அந்த வருஷமே ஓய்வு. பட்டியலில் அவர் கையெழுத்தும் இருந்தது. உங்கள் பெயருக்கும் சேர்த்துக் கெடுதல் செய்துவிட்டேனே என்று சொன்னேன்.

"என் பேரை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல பெட்டியப் பாப்போம்," என்றார். பென்சிலைக் காதில் இருந்து எடுத்தார். "கடையில வாங்கறப்பவே நெல்லு இருந்ததுன்னு யாராவது சொல்லியிருந்தா புகை போட்டது பொய்னு ஆயிருக்கும். ஒன்பது பெட்டியும் சாம்பல். புகைக்கு அப்புறம் போட்டதுன்னு நிரூபிச்சா, தப்பு அந்த ஒரு படியோட நின்னுடும். மத்த எட்டுப் பெட்டியும் சுத்தம்னு அர்த்தம். அதனால அழாம, கேக்கறதுக்குச் சரியாப் பதில் சொல்லுங்க."

அதுவரைக்கும் எனக்கு அது புரியவே இல்லை. நான் சொன்னால் எல்லாம் போய்விடும் என்றுதான் பயந்தேன். சொல்லாமல் இருந்ததுதான் பெட்டிகளைக் கொளுத்தியிருக்கும்.

ஒவ்வொன்றாகக் கேட்டார். நெல் எங்கே இருந்தது, எந்தப் பாத்திரத்தில், யார் எடுத்தது, எதில் முடிந்தது, எந்தக் கையால் போட்டேன், வேறு எந்தப் பாத்திரத்திலாவது போட்டேனா, செம்பில் போட்டேனா, முன்னால் அனுப்பின பெட்டிகளில் எதிலாவது போட்டேனா. இல்லை என்றால் "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். யோசித்து மறுபடி இல்லை என்ற பிறகுதான் எழுதுவார். பிறகு என் கைப்பட எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினேன்.

"மேடம், வெறும் படி போனா போற எடம் நிறையாதுன்னு நெனச்சேன்னு எழுதட்டுமா? வெளிநாட்டுக்காரங்க சிரிப்பாங்களோ?"

"அதுதானே காரணம்?"

"அதான் மேடம்."

"அப்ப அதை எழுதுங்க. காரணத்த மாத்த நமக்கு என்ன அதிகாரம் இருக்கு?"

"நாளைக்கு வரும்போது அதே கலயத்துல இருந்து நெல்லு கொண்டு வாங்க," என்றும் சொன்னார்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கஸ்தூரியிடம் சொன்னேன். நெல்லைப் போடச் சொன்னதே அவள்தான். பயந்துபோய் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"என் நெல்லுல வண்டா? யாரு சொன்னா? கப்பல்ல ஏறியிருக்கும்!"

கலயத்தை எடுத்து வந்து முறத்தில் கொட்டினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு வண்டு ஓரம் பிடித்து நடந்தது. கஸ்தூரி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மேடம் அந்த நெல்லை மேஜையில் வைத்து, தபால் எடை போடுகிற தராசைக் கொண்டுவரச் சொன்னார். "அன்னிக்கு எப்படி எடுத்தீங்களோ அப்படி ஒரு பிடி எடுங்க."

"அன்னிக்கு எடுத்தது சம்சாரம் மேடம். நான் உள்ளங்கையில வாங்கினேன்."

"அப்ப அவங்கதான் எடுக்கணும். வரச் சொல்லுங்க."

கஸ்தூரி மத்தியான ரயிலில் வந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தாள். மேடம் எழுந்து நின்று, "வாங்கம்மா" என்றார். அவள் கைவிட்டு ஒரு பிடி எடுத்தாள். அறுபத்துமூன்று கிராம். இன்னொரு தடவை. ஐம்பத்தெட்டு. மூன்றாவது தடவை. அறுபது. மூன்றையும் மேடம் எழுதிக்கொண்டார். அங்கே கிடைத்தது அறுபத்தொன்று.

"அளந்த மாதிரி இருக்கே!" என்றான் முருகேசன்.

"முப்பத்திரெண்டு வருஷமா ஒலையில அரிசி போடறேன்," என்றாள் கஸ்தூரி.

பிறகு மேடம் ஒரு வெள்ளைத் தாளில் நெல்லைப் பரப்பச் சொன்னார். வண்டு வெளியே வந்ததும் ஓடாமல் இருக்கப் பென்சிலைக் குறுக்கே வைத்தார். முருகேசன் போட்டோ எடுத்தான்.

"அம்மாவும் பக்கத்துல நில்லுங்க, ஒண்ணு எடுத்துடலாம்," என்றான் விளையாட்டுக்கு.

"நான் ஒண்ணும் வண்டுகூட போட்டோ எடுத்துக்கறவ இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

என் வாக்குமூலத்தை மேடமே இங்கிலீஷில் எழுதினார். பாஸ்கரின் பதிவேடு, புகை போடும்போது நான் கூட நின்றதற்கான கையெழுத்து, மூன்று எடை, வண்டு படம் எல்லாம் சேர்ந்து போயின. மேலதிகாரிக்கும் அவரே எழுதினார். அதில் "என் பார்வையில் நடந்தது, என் பொறுப்பும் உண்டு" என்று ஒரு வரி போட்டிருந்தார். அதை எடுத்துவிடுங்கள் மேடம் என்று கேட்டுப் பார்த்தேன். "காரணத்த மாத்தாத மாதிரி இதையும் மாத்தக் கூடாது," என்றார்.

பிறகு காத்திருந்தோம். ஐந்து நாள், ஆறு நாள். அலுவலகத்தில் யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. பாஸ்கர் தினமும் போன் செய்வார். "வந்துச்சாண்ணே?" என்பார். மறுபடி அண்ணே ஆகிவிட்டேன், அது ஒரு ஆறுதல். கோயிலில் நான் கேட்டது ஒன்றுதான். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு, அந்தப் பதிமூன்று பேர் வெறும் சுவருக்கு முன்னால் நிற்க வேண்டாம் தாயே.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் மூன்று மணிக்குப் பதில் வந்தது. மேடம் முதலில் தனக்குள் ஒருமுறை படித்தார். பிறகு எழுந்து நின்று, பட்டியல் படிக்கிற அதே குரலில் எங்களுக்குப் படித்தார். விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. புகைச் சான்றிதழ் செல்லும். நெல் அகற்றப்பட்டு எரிக்கப்பட்டது. படி கழுவிக் காயவைக்கப்பட்டது. ஒன்பது பெட்டிகளும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்படுகின்றன. இனி இப்படி நடந்தால் எந்த விளக்கமும் ஏற்கப்படாது.

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏழுமலை?"

என் வாயில் வந்தது, "உள்ளே மேடம்."

அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்குப் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. நியாயம்தான். மேடத்திடம் விளக்கம் கேட்டு, அத்தோடு முடித்துவிட்டார்கள். அவர் சுத்தமாக ஓய்வு பெற்றார். போவதற்கு முன் படிவத்தில் அந்தப் பதினான்காவது வரியைச் சேர்த்துவிட்டுப் போனார். வகுப்பைப் பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டு நிரந்தரமாக்கினார்கள் என்றும், இப்போது இரண்டு வாத்தியார் இருக்கிறார்கள் என்றும் பிறகு செய்தி வந்தது. ஓய்வு பெறுவதற்குள் அந்த ஊருக்கு இன்னொரு தடவையும் நானே புத்தகப் பெட்டி கட்டினேன். எல்லாவற்றையும் அம்மன் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் என் மனதில் நிற்பது பதில் வந்த அன்றைய சாயங்காலம்தான். அண்ணனூரில் இறங்கி வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன். கஸ்தூரி மல்லிகை கட்டிக்கொண்டு வாசல்படியில் இருந்தாள். தூரத்தில் இருந்தே என் நடையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"வுட்டுட்டாங்களா?"

"வுட்டுட்டாங்க. ஒம்போது பொட்டியும்."

கையில் இருந்த பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "நெல்ல இன்னா பண்ணாங்களாம்?"

அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சாமி அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்த நெல். கோயிலுக்குப் போய் வந்த நெல். ஆனால் மறைத்ததன் பலனைத்தான் பார்த்துவிட்டேனே, இனி யாரிடமும் மறைக்கத் தெம்பு இல்லை.

"கொளுத்திட்டாங்களாம்."

அவள் கட்டுவதை நிறுத்தினாள். "குப்பையில போடலியே?"

"இல்ல. நெருப்புலதான் போட்டாங்களாம்."

"அப்ப சரி," என்றாள். "அக்கினிக்கித்தான போயிருக்குது. அங்கயும் ஓமத்துல போட்ட மாதிரிதான்." நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள். "கை கால் கழுவிகினு வாங்க. பத்து நாளா சரியாச் சாப்புடல. சோறு வடிச்சி வச்சிகீறேன்."

அன்றைக்கு நான் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.